சுவரில் ஓதம், காற்றில் பூஞ்சணம்

பெங்களூரு விவேக் நகரில், வியாழக்கிழமைதோறும் கூட்டம் நிரம்பும் குழந்தை இயேசு திருத்தலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பல இடங்களில் இரு வீடுகளுக்கிடையே எஞ்சுவது, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையக்கூடிய சந்து மட்டுமே. அங்கே வெயில் விழுவதில்லை. ஜூனில் தொடங்கும் மழை வடகிழக்குப் பருவக்காற்றோடு நவம்பர் வரை நீள்கிறது. மழை விட்ட பிறகும் சுவர் காய்வதில்லை. பீரோவின் பின்புறம் முதலில் ஒரு முடைநாற்றம், பிறகு சாம்பல் நிறப் புள்ளிகள்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் மின்விசிறியே மிகை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2016 ஏப்ரலில் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இன்று நடுத்தரக் குடும்பங்களின் படுக்கையறைகளிலும் ஏசி ஓடுகிறது. அது ஓடுவதற்காகச் சன்னல்கள் சாத்தப்படுகின்றன. சுவரோடு நின்ற பூஞ்சணத்துக்கு இப்போது ஊர்தி கிடைத்திருக்கிறது.

ஏசியின் குளிர்ந்த சுருள்மீது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்து, தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேற வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் தட்டில் நீர் தேங்கும். சுருளில் படிந்த தூசியே பூஞ்சைக்கு உணவு. விசிறி சுழலும்போதெல்லாம் அதன் நுண்வித்துகள் அறை முழுதும் பரவும். அலுவலகங்களிலும் திரையரங்குகளிலும் கூரைக்குமேல் ஓடும் காற்றுக்குழாய்களில் நிலைமை இன்னும் சிக்கலானது: ஓரிடத்து ஈரம் எல்லா அறைகளுக்கும் பங்கிடப்படும். குளிர்நாடுகள் சிலவற்றில் வீடுகள் பலவும் இவ்வாறு அமைந்தவை. ஆயினும் குழாய்களை வழக்கமாகக் கழுவுவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிந்துரைப்பதில்லை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால் தூய்மை செய்யலாம். ஆனால் ஈரம் புகும் வழியை அடைக்காவிட்டால் அது மீண்டும் வரும் என்கிறது. குழாயினுள் ஒட்டிய காப்புப் பஞ்சு நனைந்து பூத்துவிட்டால், கழுவிப் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. பண்டிகைக்கு முன் ஓதச் சுவர்மீது புதுச் சுண்ணமோ வண்ணமோ ஏறுகிறது. அடுத்த மழையில் அது பொருக்காக உதிர்கிறது. வீட்டுச் சீரமைப்புக்கென ஒதுக்கும் தொகையில் முதற்பங்கு மொட்டைமாடி விரிசலுக்கும் குளியலறைக் குழாய்க்கசிவுக்கும் போகவேண்டும் என்பதே நம் கருத்து. வண்ணம் கடைசியில் வரட்டும்.

நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. பிடித்துவிட்டால், ஏசியை நிறுத்திவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி உலர்த்தலாம். பிளீச்சிங் கரைசலைக் கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்கலாகாது. நச்சு வாயு எழும். பூத்துப்போன பஞ்சுமெத்தையைக் காப்பாற்ற முயல்வது வீண். ஏசியின் வடிகட்டியை நாமே கழுவலாம்; சுருளையும் தட்டையும் பணியாளர் கழற்றித் துடைக்கட்டும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் மிகுதி என்பதை உலக நலவாழ்வு அமைப்பின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் எடுத்துரைத்தன. குழந்தைகள் உறங்கும் அறையில் தள்ளிப்போடுதல் கூடாது.

காகிதமும் பூஞ்சைக்கு உணவே. பத்திரங்கள் உள்ள பீரோ, ஓதச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி நிற்கட்டும்.

வாடகைக்குக் குடியிருப்போருக்கு ஒரு சொல். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூருவில் நெடுநாள் வழக்கம். வீட்டைக் காலி செய்கையில் வண்ணச் செலவென்று அதிலிருந்து பிடித்தம் செய்வதும் உண்டு. குடிபுகும் அன்றே சுவர்களையும் ஏசியின் உட்புறத்தையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடலாம். கசிவைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லலாம். எந்த நல்ல உரிமையாளரும் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.