முத்தும் முயற்சியும்



தூத்துக்குடியின் பெயரைச் சொன்னதும் முத்து நினைவிற்கு வருகிறது. ஆயினும் மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். 1955 முதல் அவ்வாண்டு வரை நடந்த சலாபம் அத்துடன் நின்றது. கடலடிப் பார்களில் சில ஆண்டுகள் சிப்பிகள் குவிந்து கிடக்கும்; பிறகு பல ஆண்டுகள் காணாமற்போகும். இயற்கை தரும்போது பெற்றுக்கொள்வதே அத்தொழிலின் இலக்கணம். தராத ஆண்டில் கரையிலுள்ளோர் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் காத்திருப்பை ஒழிக்க வழியுண்டா என்ற கேள்விக்கு விஞ்ஞானம் விடை தந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவருடைய துணைவர்களும் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். இந்தியக் கடற்சிப்பியில் மனிதன் விளைவித்த முதல் உருண்டை முத்து அது.

அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டி எடுப்பர். சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணியுடன் அத்துண்டையும் மற்றொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பர். அச்சதை வளர்ந்து மணியைச் சுற்றிப் பைபோல் மூடிக்கொள்ளும். பிறகு அடுக்கடுக்காக முத்துப் படலம் படியும். நம்முடைய வெப்பக் கடலில் இப்படலம் குளிர்ந்த கடலினும் விரைவாகப் படிகிறது என்பது நமக்குக் கிடைத்த பேறு. 1981-இல் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் முத்துச் சிப்பிக் குஞ்சுகளையே ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பொரிக்கச் செய்தனர். பாரில் சிப்பி இருக்கிறதா என்று தேட வேண்டிய கவலையும் அத்துடன் நீங்கிற்று.

பின்னர், தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமும் தூத்துக்குடியில் ஆலையுடைய ஸ்பிக் நிறுவனமும் கூடி முத்து வளர்ப்பிற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. இருந்தும் ஜப்பானில் வளர்ந்ததுபோல் ஒரு பெருந்தொழில் இக்கரையில் வேரூன்றவில்லை. அறிவு இங்கே பிறந்தது. அந்த அறிவால் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே பெருகவில்லை. உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ஜப்பானில் நடந்தது யாது? தோபா என்னும் கடற்கரை ஊரில், மாவுச்சேவை விற்கும் குடும்பத்தில் 1858-இல் பிறந்தவர் மிகிமோட்டோ கோகிச்சி. 1893-இல் அவர் அரைவட்ட முத்தை விளைவித்தார். முழு உருண்டை முத்திற்கான வழியைக் கண்டவர்களோ நிஷிகாவா, மிசே முதலிய பிறர். எனினும் உலகம் மிகிமோட்டோவின் பெயரையே அறியும். ஏன்? 1899-இலேயே டோக்கியோவின் கின்சா வீதியில் கடை திறந்தார். வாங்குவோர் எதை விரும்புகின்றனர் என்பதை நேரிற் கண்டார். 1930-களில் தரங்குறைந்த முத்துகளைக் கோபே நகரில் பலர் முன்னிலையில் தீயிலிட்டு, தம் சரக்கின் மீது நம்பிக்கையை வளர்த்தார். கண்டுபிடிப்பது ஒரு கலை. கண்டுபிடித்ததை மக்களிடம் கொண்டு சேர்ப்பது மற்றொரு கலை. இந்த இரண்டாவது கலைக்கே தொழில் முனைவு என்று பெயர். அதுவும் கற்றுத் தேரத்தக்க ஒரு பாடமே.

அப்பாடத்தில் நான்கு கேள்விகள் அடிப்படையானவை என்பது என் கருத்து.

முதற் கேள்வி: இதை யார் வாங்குவார்? "எல்லோரும் வாங்குவார்கள்" என்று மாணவர் விடை கூறினால், அவர் இன்னும் ஒருவரையும் கேட்கவில்லை என்றே பொருள். நகைக்கடைக்காரர் பத்துப் பேரை நேரிற் கண்டு, எந்த அளவு, எந்த நிறம், என்ன விலை என்று குறித்து வருவது ஆய்வுக்கூடச் சோதனைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இரண்டாவது கேள்வி: கணக்கு நிற்குமா? எடுத்துக்காட்டாக, நூறு சிப்பிகளுக்குக் கரு வைத்தோம் என்று கொள்வோம். சில இறந்துபோகும், சில கருவைத் துப்பிவிடும். நாற்பதில் முத்துக் கிடைத்து, அவற்றுள் பத்து மட்டுமே முதல் தரமாக அமைந்தால், நூறு சிப்பிக்கும் செய்த செலவை அந்த நாற்பது முத்துகளே சுமக்க வேண்டும். பெரும் பங்கை அந்தப் பத்தே சுமக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு முத்து விளைந்தால் அது வெற்றி. தொழிலிலோ நூற்றுக்கு எத்தனை என்பதே கேள்வி.

மூன்றாவது கேள்வி: காலமும் இடமும் பொருந்துமா? உயிர்ப்பொருள் நம் அவசரத்திற்கு வளராது. விளைச்சல் கைக்கு வரும்வரை கூலியும் வாடகையும் கொடுக்க முதல் வேண்டும். ஜப்பானில் மலைகள் சூழ்ந்த அமைதியான கடற்குடாக்கள் உண்டு. நம் கரையோ பெரும்பாலும் திறந்த கடல். பருவக்காற்று வீசினால் சிப்பிக் கூடுகளும் தெப்பங்களும் தாங்கவேண்டும். ஓரிடத்தில் பலித்த முறையை அப்படியே பெயர்த்து நட்டால் போதாது.

நான்காவது கேள்வி: இதனால் கடலுக்கும் கரையில் வாழ்வோருக்கும் என்ன நேரும்? மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியக் கடற்பூங்கா. அங்கே உரிமம் இன்றி எதுவும் செய்தல் ஆகாது. திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளித்துப் பிழைப்போர் இருக்கின்றனர். நீரோட்டம் எப்போது திரும்பும், கலங்கல் எப்போது தெளியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களைக் கேளாமல் அக்கடலில் தொழில் தொடங்குவது, வீட்டுக்காரரைக் கேளாமல் வீட்டிற்குள் நுழைவதை ஒக்கும். அவர்கள் அத்தொழிலில் கூலியாட்களாக மட்டும் நிற்பார்களா, பங்குதாரர்களாக நிற்பார்களா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் வேண்டும்.

இவ்வாறு கேட்டுக் கற்ற மாணவர் உண்டா எனில், உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பம் பயின்ற மாணவர் சிலர், பயோகான் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஸ்ரீகுமார் சூரியநாராயணுடன் சேர்ந்து, 2010-இல் சீ6 எனர்ஜி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கடற்பாசியிலிருந்து எரிபொருள் வடிப்பது அவர்கள் எண்ணம். ஆனால் எரிபொருளின் விலை மலிவு. பாசியை வளர்த்து அறுக்கும் செலவு மிகுதி. கணக்குத் தடுத்தது. அவர்கள் பாசியைக் கைவிடவில்லை; வாங்குவோரை மாற்றினர். பாசிச் சாற்றிலிருந்து பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருளைச் செய்து உழவரிடம் கொண்டு சென்றனர். கடலில் பாசியை நட்டு அறுவடை செய்யும் எந்திரத்தையும் வகுத்தனர். கற்ற அறிவைக் கைவிடாமல் பாதையை மட்டும் மாற்றத் தெரிந்ததே அவர்கள் கற்ற பாடம்.

இத்தகைய முயற்சிக்கு இன்று துணைகள் உள்ளன. மைய அரசு 2012-இல் அமைத்த பைராக் என்னும் உயிர்த்தொழில்நுட்ப உதவி மன்றம், நல்ல எண்ணமொன்றைச் சோதித்துப் பார்க்க ஐம்பது இலட்சம் ரூபாய் வரை நல்கும் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. தமிழக அரசின் புத்தொழில் இயக்கமும், தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் பயிற்சி அளிக்கின்றன. தூத்துக்குடியிலேயே 1977-இல் தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சிப்பியின் உடற்கூற்றை அங்கே கற்கலாம். ஆனால் பணமும் பயிற்சியும் மேற்சொன்ன நான்கு கேள்விகளுக்கு விடை ஆகமாட்டா. விடை தேடுவதற்கு அவகாசம் தரும், அவ்வளவே.

ஆகவே, உங்கள் கல்லூரியில் ஓர் ஆய்வு முடிந்ததும் ஏட்டை மூடிவிடாதீர்கள். அடுத்த பக்கத்தில் இந்நான்கு கேள்விகளையும் எழுதுங்கள். விலங்கியல் மாணவர் ஒருவர், வணிகவியல் மாணவர் ஒருவர், கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் ஆக மூவராகச் சேர்ந்து விடை தேடுங்கள். தனி ஒருவருக்கு இம்மூன்று அறிவும் வாய்ப்பது அரிது. வேப்பலோடையில் முத்து விளைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதை விளைவித்த அறிவு நூல்களில் பத்திரமாக இருக்கிறது. அதை இக்கரையின் அடுப்பில் உலை கொதிக்கச் செய்யும் தொழிலாக்குவது உங்கள் தலைமுறையின் பணி.