கடல் கடந்து வரும் பார்சல்

கடிதம் வந்ததா என்று வாசலைப் பார்த்து நின்றது நம் பாட்டிமார் காலம். பார்சல் எதுவரை வந்தது என்று கைப்பேசியைப் பார்த்து நிற்பது நம் காலம். காலம் மாறினாலும் காத்திருக்கும் மனம் மாறவில்லை. நம் தோழியர் பலருடைய வீடுகளில் தந்தையோ அண்ணனோ கடல் கடந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பொருளும், நாமே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருளும் வீடு வந்து சேருமட்டும் நமக்கு ஒரே கவலைதான். அந்தக் கவலையில் பாதி, பார்சல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை அறியாததனால் வருவது. ஆகவே அது வரும் வழியில் நாமும் உடன் நடந்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, பாளையங்கோட்டையில் ஒரு தாயார் பூத்தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக் குடும்பம் நடத்துகிறார் என்று கொள்வோம். இயந்திரத்தின் சிறு பாகம் ஒன்று உடைந்துவிட்டது. அது உள்ளூரில் கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலுள்ள ஒரு கிடங்கில் இருக்கிறது. பணம் செலுத்தியாயிற்று. பாகம் வந்தால்தான் இயந்திரம் ஓடும். திருமண வீட்டாருக்குத் தருவதாகச் சொன்ன துணிகள் மூலையில் கிடக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. பார்சலோ பத்து நாளாகியும் வரவில்லை. இதற்குக் காரணம் என்ன?

பதின்மூன்று எழுத்துப் பெயர்

கிடங்கில் பொருளை எடுத்துக் கட்டியவுடன் அதற்கு ஒரு பெயர் சூட்டுகிறார்கள். அதுவே டிராக்கிங் எண். அஞ்சல் வழியாக நாடு விட்டு நாடு செல்லும் பார்சல்களுக்கு இந்தப் பெயர் உலகமெங்கும் ஒரே அமைப்பில் உள்ளது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பின்பு ஒன்பது இலக்கங்கள், இறுதியில் மீண்டும் இரண்டு எழுத்துகள். ஆக மொத்தம் 13. முதல் எழுத்து ‘சி’ என்றால் பார்சல். ‘ஆர்’ என்றால் பதிவு அஞ்சல். ‘இ’ என்றால் விரைவு அஞ்சல். கடைசி இரண்டு எழுத்துகள் அந்த எண்ணைக் கொடுத்த நாட்டைக் காட்டும். ‘எஸ்ஜி’ என்பது சிங்கப்பூர். ‘ஐஎன்’ என்பது இந்தியா.

இந்த ஒற்றுமை தானாக வந்ததன்று. முற்காலத்தில் ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக அஞ்சல் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1874-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஒரே உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அன்று பிறந்த அமைப்பே இன்றைய அகில உலக அஞ்சல் ஒன்றியம். 1876-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அக்டோபர் 9-ஆம் நாளை உலக அஞ்சல் தினமாகக் கொண்டாடுவதும் இதனால்தான்.

எண்ணின் ஒன்பதாவது இலக்கத்தில் ஒரு விந்தை இருக்கிறது. அது முன்னுள்ள எட்டு இலக்கங்களுக்கும் காவல்காரன். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகிய எண்களால் பெருக்கிக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் கிடைக்கும். விடை 10 என்று வந்தால் 0 என்றும், 11 என்று வந்தால் 5 என்றும் எழுதுவார்கள்.

12345678 என்ற எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 8, 12, 12, 8, 15, 30, 63, 56 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 204. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றில் ஆறு போக 5. எனவே முழு எண் 123456785. யாராவது அவசரத்தில் 7-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றி எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 206 ஆகிவிடும். அப்போது காவல் இலக்கம் 3 ஆக இருக்கவேண்டும். கணிப்பொறி உடனே பிழையைக் கண்டுகொள்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் நாம் படிக்கும் மட்டு எண்கணிதம் எதற்கு உதவும் என்று கேட்கும் தோழியருக்கு இதோ விடை!

எண்ணைக் கையால் எழுதிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், பிழையும் வரும். எனவே அது பார்கோடு எனப்படும் கறுப்புக் கோடுகளாகவும் அச்சிடப்படுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த நார்மன் உட்லண்ட் கடற்கரை மணலில் விரல்களை ஊன்றி இழுத்தபோது, தந்தி மொழியின் புள்ளியும் கோடும் நீண்ட கோடுகளாக மாறுவதைக் கண்டு இவ்வெண்ணத்தைப் பெற்றாராம். அவரும் பெர்னார்டு சில்வரும் 1952-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர்.

தொடர் ஓட்டம்

பார்சலை யாரோ ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியன்று. விளையாட்டு விழாவில் நடக்கும் தொடர் ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கையிலிருக்கும் கோல் அடுத்தவள் கைக்கு மாறும் இடத்தில்தான் நடுவர் நிற்கிறார். டிராக்கிங் என்பதும் அதுவே. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பார்சல் மாறும்போது பார்கோட்டின்மேல் கருவியின் ஒளி படுகிறது. “என்னிடம் வந்தது, இனி நான் பொறுப்பு” என்று ஒருவர் ஒப்புக்கொள்வதே அந்தப் பதிவு. இரண்டு பதிவுகளுக்கு இடையே நமக்கு ஒன்றும் தெரியாது.

நம் தாயாரின் பார்சலுக்கு முதலில் கிடைக்கும் செய்தி, ‘விவரம் பெறப்பட்டது’ என்பது. இதைக் கண்டவுடன் பார்சல் புறப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்துவிடக்கூடாது. முகவரிச் சீட்டு அச்சாகியிருக்கிறது என்பதே இதன் பொருள். பொருள் இன்னும் கிடங்கிலேயே இருக்கலாம். அஞ்சலகம் அதைக் கையில் வாங்கிப் பதிவு செய்த பிறகே பயணம் தொடங்குகிறது.

அடுத்து அது பரிமாற்ற அஞ்சலகத்துக்குச் செல்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் அஞ்சலைப் பிரித்துக் கட்டும் இடம் அது. இந்தியாவுக்குரிய பார்சல்களை ஒன்றாகச் சேர்த்துப் பையிலிட்டு மூடுகிறார்கள். பைக்குத் தனியாக 29 எழுத்துகள் கொண்ட வேறொரு அடையாளம் உண்டு. இனிச் சென்னை வந்து பையைத் திறக்கும் வரையில் பைக்குத்தான் பதிவு. உள்ளே உறங்கும் பார்சலுக்குப் பதிவில்லை. ‘வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது’ என்ற செய்திக்குப் பின் பல நாள் மௌனம் நிலவுவது இதனால்தான். அந்தச் செய்தி விமானம் பறந்துவிட்டது என்பதைக் குறிப்பதுமன்று. பை, பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் நேரிடும். தாயார் மனம் கலங்கும் நாட்கள் பெரும்பாலும் இவையே. ஆனால் மௌனம் என்றால் தொலைந்தது என்று பொருளில்லை. கோலை வாங்கியவள் ஓடிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு பதிவிலும் அந்தந்த ஊரின் நேரமே காணப்படும். சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே புதன்கிழமை பிறந்து அரை மணி ஆகும்போது நமக்கு இன்னும் செவ்வாய் இரவு மணி பத்துதான்.

சுங்கம் என்னும் வாசல்

சென்னையிலுள்ள வெளிநாட்டு அஞ்சலகத்தில் பை திறக்கப்படுகிறது. அங்கே சுங்க அதிகாரிகள் இருக்கிறார்கள். பார்சலின்மேல் ஒட்டப்பட்ட சுங்க அறிவிப்புச் சீட்டில் உள்ளே இருப்பது என்ன, எத்தனை, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று அனுப்பியவர் எழுதியிருக்கவேண்டும். சிறு மதிப்புக்குச் சிஎன் 22 என்ற சீட்டும், பெரு மதிப்புக்குச் சிஎன் 23 என்ற விரிவான சீட்டும் உலகம் முழுவதும் வழங்குகின்றன. ‘பொருள்’ என்று மட்டும் எழுதிய பார்சல் தாமதமாகும். ‘பூத்தையல் இயந்திரப் பாகம், 1’ என்று தெளிவாக எழுதியது எளிதில் வெளியேறும்.

இந்தச் சோதனை வீண் தொல்லை என்று எண்ணிவிடலாகாது. 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம், போலந்து நாட்டிலிருந்து வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 107 சின்னஞ்சிறு குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி! அயல்நாட்டு உயிர்களும் போதைப் பொருள்களும் நாட்டுக்குள் நுழையாமல் காக்கும் வாசல் இது. தீர்வை விதிக்கப்பட்டால், பார்சலைக் கொடுக்கும்போது அஞ்சலகத்தார் அத்தொகையைப் பெற்றுக்கொண்டு ரசீது தருவார்கள்.

சென்னையிலிருந்து வீட்டுக்கு

இனி வழிகாட்டுவது பின்கோடு. 1972-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று நம் நாட்டில் தொடங்கப்பட்ட இந்த ஆறு இலக்க முறையை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். 627002 என்ற எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கமாகிய 6, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவை அடங்கிய மண்டலம். 627 என்றால் திருநெல்வேலிப் பகுதி. கடைசி மூன்று இலக்கங்கள் பாளையங்கோட்டை அஞ்சலகம். எழுத்தைப் படிக்க முடியாத கையெழுத்தானாலும் இந்த ஆறு இலக்கங்கள் தெளிவாக இருந்தால் பார்சல் ஊர் வந்து சேர்ந்துவிடும். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே வந்து, உள்ளூர் அஞ்சலகத்தில் பதிவாகி, தபால்காரரின் பையில் ஏறுகிறது. கதவு பூட்டியிருந்தால் ‘கொடுக்க இயலவில்லை’ என்ற பதிவு வரும். அதைக் கண்டால் அஞ்சலகத்துக்குச் சென்று கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். தாயார் வாங்கிக்கொண்டதும் ‘பட்டுவாடா செய்யப்பட்டது’ என்ற கடைசிப் பதிவு விழுகிறது. அன்று மாலையே இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கும்.

பெற்றோர் அறியவேண்டியது

பார்சலின் வழியை அறிவது பொழுதுபோக்குக்காக மட்டுமன்று. காத்திருக்கும் மனத்தை ஏமாற்றுவோர் இன்று பெருகியிருக்கிறார்கள். “உங்கள் பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது, முகவரி சரியில்லை, உடனே இந்த இணைப்பைத் தொட்டுச் சிறு தொகை கட்டுங்கள்” என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். அஞ்சல் துறை அனுப்பியது போலவே தோன்றும் இச்செய்திகள் போலி என்று 2024-இல் மத்திய அரசின் செய்தித் தகவல் அலுவலகமே எச்சரித்தது. இன்னும் சிலர், “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்கிறோம்” என்று தொலைபேசியில் மிரட்டுவார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லவே இல்லை.

ஆகவே இப்படிச் செய்தி வந்தால் அஞ்சாமல் சில கேள்விகள் கேட்கவேண்டும். நாம் பார்சல் எதையும் எதிர்பார்த்திருக்கிறோமா? அதன் எண் என்ன? அஞ்சல் எண் என்றால் காவல் இலக்கம் சரியாக வருகிறதா? கணக்குத் தவறினால் எண் பொய் என்பது உறுதி. கணக்குச் சரியானாலும் பார்சல் மெய் என்று ஆகிவிடாது. எண்ணை அஞ்சல் துறையின் சொந்த இணையதளத்தில் நாமே இட்டுப் பார்க்கவேண்டும். தனியார் கூரியர் நிறுவனங்கள் வேறு வகை எண்களை வைத்திருப்பதால் அவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவரவர் இணையதளத்திலேயே பார்க்கவேண்டும். வந்த இணைப்பைத் தொடவே கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம். வீட்டிலுள்ள பெரியோர்களுக்கு இதை எடுத்துச் சொல்லும் கடமை நம்முடையது.

தோழியரே, ஒரு சிறு பார்சல் நம் வாசலுக்கு வருவதற்குள் எத்தனை கைகள் அதைத் தாங்குகின்றன! கிடங்கில் கட்டியவர், நள்ளிரவில் பை மூடியவர், விமானத்தில் ஏற்றியவர், சோதித்தவர், ரயிலடியில் இறக்கியவர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். ஒருவரையொருவர் அறியாத இவர்கள், “என் கைக்கு வந்தது, நான் பொறுப்பு” என்ற ஒரே சொல்லால் இணைந்திருக்கிறார்கள். அடுத்த முறை தபால்காரர் நம் வீட்டு மணியை அடிக்கும்போது ஓடிச்சென்று கதவைத் திறப்போம்; ஒரு குவளை தண்ணீரும் நன்றியும் தருவோம். தொடர் ஓட்டத்தின் கடைசிக் கோல் அவர் கையிலல்லவா இருக்கிறது!

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு