கணையப் புற்றுநோய்... ஆபரேஷனுக்குப் பிறகுதான் முக்கியம்!

'கணையத்துல கேன்சரா, அவ்வளவுதான்' என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்குக்கு 2009-ல் கணையத்தில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். நீதிபதி வேலையையும் விடவில்லை. நோய் பரவும் முன்பே, வழக்கமான பரிசோதனையில் சிக்கியது அவருடைய அதிர்ஷ்டம். பெரும்பாலானவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. சுமார் 5 பேரில் ஒருவருக்குத்தான் ஆபரேஷனே சாத்தியம்.

கட்டியை எடுத்தாச்சு, முடிஞ்சதா? இல்லை. ஸ்கேனில் தெரியாத செல்கள் மிச்சமிருக்கலாம். அதற்குத்தான் கீமோ. பிரான்ஸ், கனடாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோ எடுத்தவர்களில் பாதிப் பேர் 54 மாதங்களைத் தாண்டினார்கள். ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களுக்கு அது 35 மாதங்கள். பக்கவிளைவும் அதிகம்தான், உடம்பு தாங்கணும். அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு விடாம எடுங்க. எடை குறைந்தால் உடனே சொல்லுங்க.