உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப் சூட்டைத் தணிக்கும் மில்லிவோல்ட் கணக்கு

◆ மடியில் வைக்க முடியாதபடி லேப்டாப் சுடுகிறதா? பிராசசருக்குப் போகும் வோல்டேஜைச் சற்றே குறைத்துப் பார்க்கலாம். சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுவதற்குச் செலவாகும் மின்சாரம், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 வோல்ட்டில் ஓடும் பிராசசரை அதே வேகத்தில் 1.02 வோல்ட்டில் ஓட்டினால் வோல்டேஜ் குறைவது 7 சதவீதம்தான்; அந்தச் செலவோ 14 சதவீதம் குறைகிறது. சிப் குளிரக் குளிர மின்கசிவும் குறைவதால், அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம். 'அண்டர்வோல்ட்' செய்வது என்பது இதுதான்.

◆ அப்படியானால் தேவைக்கு அதிகமான வோல்டேஜை முதலில் ஏன் வைக்கிறார்கள்? ஒரே சிலிக்கான் தகட்டில் வெட்டி எடுத்த இரண்டு சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் தொழிற்சாலையில் சோதித்து, எந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்ற அட்டவணையை ஒவ்வொரு சிப்பிலும் பதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிப் பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த பிறகும், கொதிக்கும் சூட்டிலும், திடீரென்று சுமை ஏறி மின்னழுத்தம் சரியும் கணத்திலும் தப்பில்லாமல் கணக்குப் போட வேண்டும். நூறு பேரை அழைத்த கல்யாண வீட்டில் நூற்றிருபது இலைக்குச் சமைப்பதுபோல் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். நாம் குறைப்பது அந்த உபரியை. உங்கள் சிப்பில் அது எவ்வளவு என்று சோதித்துத்தான் அறிய முடியும். பக்கத்து வீட்டு லேப்டாப்பின் எண் உங்களுக்குப் பொருந்தாது.

◆ 1978இல் வந்த இன்டெல் 8086 ஓடியது 5 வோல்ட்டில். 1993இன் முதல் பெண்டியமும் அதே 5 வோல்ட். அடுத்த ஆண்டு வந்த பெண்டியங்கள் 3.3 வோல்ட்டுக்கு இறங்கின. இன்றைய பிராசசர்கள் ஒரு வோல்ட்டைச் சுற்றியே நிற்கின்றன. டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது வோல்டேஜையும் அதே அளவில் குறைத்தால் சூடு கூடாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் குழுவினரும் 1974இல் எழுதிக் காட்டினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கணினித் துறை அந்த விதியின் நிழலில் வளர்ந்தது. பிறகு, வோல்டேஜை மேலும் இறக்கியபோது அணைந்திருக்கும் டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. வோல்டேஜை இறக்க முடியாமல் போனதும், வேகத்தை ஏற்றினால் சூடும் ஏறியது; 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 திட்டத்தை இன்டெல் 2004இல் கைவிட்டது. லேப்டாப் சூடு இன்று வரை தீராத தொல்லையாக இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

◆ எவ்வளவு தூரம் இறங்க முடியும்? 2011இல் இன்டெல் காட்டிய 'கிளேர்மாண்ட்' என்ற ஆய்வுச் சிப், 0.28 வோல்ட்டிலும் ஓடியது. தபால் தலை அளவு சூரிய மின்தகடு அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த வோல்டேஜில் கிடைத்த வேகம் 3 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே.

◆ உபரியை மட்டும் குறைத்து அண்டர்வோல்ட் செய்த லேப்டாப்பின் வேகம் குறையாது. பல நேரம் கூடும்! பல இன்டெல் லேப்டாப் பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடு தணிந்தால் அந்த எல்லையைத் தொடாமல் நெடுநேரம் முழு வேகத்தில் ஓடலாம். மெல்லிய உடம்பும் சின்ன விசிறியும் கொண்ட லேப்டாப்களில்தான் இந்தப் பலன் அதிகம்.

◆ இன்டெல் பிராசசருக்குத் 'த்ராட்டில்ஸ்டாப்', இன்டெல்லே தரும் 'எக்ஸ்டியூ' ஆகிய மென்பொருள்கள் உண்டு. ஏஎம்டி ரைசனில் 'கர்வ் ஆப்டிமைசர்' என்ற வசதி, அனுமதிக்கும் மாடல்களில் மட்டும். அவசரப்படாமல் பத்துப் பத்து மில்லிவோல்ட்டாக இறக்குங்கள். வோல்டேஜ் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகத் திறக்கும். குறித்த நேரத்துக்குள் விடை வந்து சேராவிட்டால் நீலத்திரை வரும், அல்லது கணினி உறைந்துபோகும். கடும் வேலையைத் தாங்கிய கணினி சும்மா இருக்கும்போது உறைவதும் உண்டு. எனவே இரண்டு நிலையிலும் பாருங்கள். குறைந்த வோல்டேஜால் சிப் எரியாது, திரும்பப் பழைய எண்ணை வைத்தால் சரியாகிவிடும். கோப்புகள் மட்டும் கெடலாம். ஆய்வறிக்கையோ குழந்தையின் படங்களோ அதில் இருந்தால், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இது கட்டாயம்.

◆ உங்கள் லேப்டாப்பில் இந்த வசதி பூட்டியிருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பாதுகாப்புக் கதை இருக்கலாம். 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்றொரு ரகசிய அறை இருந்தது. கணினியின் நிர்வாகி உரிமை உள்ளவரால்கூட அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் சரியான கணத்தில் வோல்டேஜை இறக்கினால் அறைக்குள் நடக்கும் பெருக்கல் தப்பாகும். அந்தத் தப்பான விடையிலிருந்து மறையாக்கச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்று நிரூபித்தார்கள். இன்டெல் திருத்தம் வெளியிட, லேப்டாப் நிறுவனங்கள் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் வழியாக வோல்டேஜ் மாற்றத்தைப் பூட்டின. சூட்டைக் குறைக்க மட்டும் இதை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனாலும் அந்த ஓட்டை நிஜமானது; பூட்டியது நியாயம்தான். வீட்டுக் கணினிகளுக்கான இன்டெல் பிராசசர்களில் 11ஆம் தலைமுறையிலிருந்து எஸ்ஜிஎக்ஸே நீக்கப்பட்டது. இருந்தும் பூட்டு பல மாடல்களில் தொடர்கிறது. உரிமையாளரே விரும்பித் திறந்துகொள்ள பயாஸில் ஒரு வழி வைப்பதே முறை.

◆ பூட்டிய லேப்டாப்புக்கும் ஒரு வழி உண்டு. விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100 சதவீதத்திலிருந்து 99க்கு மாற்றினால் பல லேப்டாப்களில், அடிப்படை அளவைத் தாண்டி ஓடும் டர்போ வேகம் நின்றுவிடும். டர்போதான் அதிக வோல்டேஜைக் கேட்பது என்பதால் சூடு சட்டென்று இறங்கும். வேகமும் குறையும், ஆனால் கடிதம் எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் அது தெரியாது. அதற்கும் முன்னால் விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றிவிடுங்கள்.