எல்லை தாண்டினால் இளைக்கலாம்

தட்டும் தராசும் – 11

உணவுப் பொட்டலத்தின் பின்புறம் அச்சாகும் கலோரி எண், உள்ளே இருக்கும் உணவைப் பற்றியது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்தப் பொட்டலம் எந்த நாட்டுக் கடை அலமாரியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எவ்வளவு தின்பதாக வைத்துக் கணக்குப் போடுவது, எதைக் கழிப்பது, எங்கே முழு எண்ணாக்குவது என்பதையெல்லாம் அந்தந்த நாட்டு அரசிதழ்தான் முடிவு செய்கிறது. ஆகவே எடை குறைக்க விரும்புகிறவர் வாயைக் கட்டுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்தக் குழப்பம் கலோரிக் கணக்கின் கூடப் பிறந்தது. 1880களில் ஜெர்மனியின் மாக்ஸ் ரூப்னர், ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4.1, கொழுப்புக்கு 9.3 கலோரி என்று கணக்கிட்டார். ரூப்னர் வேலை பார்த்த அதே ம்யூனிக் நகர ஆய்வுக்கூடத்தில் வேலை பழகி நாடு திரும்பிய அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர், கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் ஆட்களை நாள்கணக்கில் ஓர் அடைத்த அறைக்குள் இருத்தி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்தார். செரிக்காமல் மலத்தோடு போவதையும் கழித்து, புரதம் 4, கொழுப்பு 9, மாவுச்சத்து 4 என்று எளிய எண்களாக்கினார். 100 கிராம் கொழுப்பு ஜெர்மானியக் கணக்கில் 930 கலோரி, அமெரிக்கக் கணக்கில் 900. உலகம் அட்வாட்டர் பக்கம் சாய்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் 30 கலோரி தள்ளுபடி கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இளைக்க நினைப்பவருக்கு முதல் புகலிடம் அமெரிக்காவேதான். அங்கே சட்டப்படி, ஒரு பரிமாறும் அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் 0 என்று போட்டுக்கொள்ளலாம். 50 வரை 5-இன் மடங்காகவும் அதற்கு மேல் 10-இன் மடங்காகவும் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். சர்க்கரை அரை கிராமுக்குக் குறைவா, அதுவும் 0. இந்தச் சட்டத்தின் முழுப் பயனை அனுபவிப்பது டிக் டாக் மிட்டாய். அமெரிக்க லேபிளில் அதன் பரிமாறும் அளவு ஒரே ஒரு மிட்டாய், எடை 0.49 கிராம். அரை கிராமுக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. சேர்மானப் பட்டியலில் முதல் ஆளாக நிற்பது சர்க்கரை. மிட்டாயில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். ஆனாலும் சர்க்கரைக்கு நேராக இருப்பது 0 கிராம். ஐரோப்பாவில் இறங்கிய மறுகணம், 100 கிராமுக்கு எவ்வளவு என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. ஏறத்தாழ 390 கலோரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 60 மிட்டாய் கொண்ட ஒரு டப்பியை ஒவ்வொன்றாகத் தின்றால் 60 பூஜ்யம், கூட்டினாலும் பூஜ்யம். மொத்தமாக வாயில் கொட்டிக்கொண்டால் 110 கலோரியைத் தாண்டும். அந்த நாட்டில் பொறுமைசாலிகளே இளைக்க முடியும்.

வாணலியில் பீய்ச்சும் எண்ணெய் ஸ்பிரேக்கும் இதே சலுகை உண்டு. அமெரிக்காவில் அதன் பரிமாறும் அளவு கால் நொடிப் பீய்ச்சல், அதாவது கால் கிராம். கால் கிராம் எண்ணெயில் இருப்பது இரண்டேகால் கலோரி, லேபிளில் 0. கால் நொடியில் விரலை எடுக்கப் பயிற்சி வேண்டும். தோசைக்கல் முழுக்கப் படும்படி மூன்று நொடி பீய்ச்சினால் 12 பரிமாறும் அளவு ஆகிவிடுகிறது. மூன்று கிராம் எண்ணெய், 27 கலோரி. கரண்டியில் ஊற்றினாலும் மூன்று கிராம் எண்ணெய் 27 கலோரிதான் என்பதை அந்த டப்பா சொல்லாது.

பரிமாறும் அளவு என்பது மக்கள் எவ்வளவு தின்ன வேண்டும் என்பதல்ல, வழக்கமாக எவ்வளவு தின்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டும் என்பதே அமெரிக்கச் சட்டத்தின் நோக்கம். 1993-இல் வகுத்த அளவுகள் 2016-இல் திருத்தப்பட்டன. குளிர்பானம் 240 மில்லியிலிருந்து 360 மில்லிக்கு ஏறியது. ஐஸ்கிரீம் அரைக் கோப்பையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு கோப்பைக்கு வந்தது. உள்ளே இருந்த சரக்கு மாறவில்லை, லேபிளில் மட்டும் கலோரி கூடியது. நாட்டு மக்களின் வயிறு பெருத்துவிட்டது என்று ஓர் அரசாங்கம் இவ்வளவு நாசூக்காக ஒப்புக்கொண்டது அபூர்வம்.

நார்ச்சத்துப் பிரியர்கள் இன்னொரு பொறியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க லேபிளில் மாவுச்சத்து என்றால் நாரும் அதற்குள் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் நார் தனியாகப் பிரிந்து போய்விடும். மாவுச்சத்து எண் அதைக் கழித்தபின் மிஞ்சியது. 100 கிராம் ஓட்ஸில் சுமார் 10 கிராம் நார் உண்டு. அமெரிக்கக் கீட்டோ புத்தகத்தைப் படித்துவிட்டு, மாவுச்சத்திலிருந்து நாரைக் கழிக்கும் வழக்கத்தை அப்படியே ஜெர்மனிக்குக் கொண்டுபோகிறவர் ஒருமுறை கழித்ததை மறுபடி கழிக்கிறார். தட்டில் அதே ஓட்ஸ். நோட்டுப் புத்தகத்தில் 10 கிராம் மாயம். இளைப்பதற்கு இதைவிடச் சிரமமில்லாத வழி கிடையாது. பழைய துணியெல்லாம் ஏன் இறுக்குகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

சர்க்கரை இல்லாத சாக்லேட் வாங்குகிறவர் பயணத் திசையையும் பார்த்துக்கொள்வது நல்லது. அதில் சேர்க்கும் மால்டிடால் என்ற இனிப்பூட்டி ஐரோப்பியச் சட்டத்தில் கிராமுக்கு 2.4 கலோரி, அமெரிக்காவில் 2.1. 100 கிராம் சாக்லேட்டில் 40 கிராம் மால்டிடால் என்று வைத்தால், பிரஸ்ஸல்ஸில் விமானம் ஏறி நியூயார்க்கில் இறங்குவதற்குள் அது 12 கலோரி இளைத்துவிடுகிறது. எரித்ரிடால் சேர்த்த பண்டமோ எதிர்த் திசையில் போக வேண்டும். ஐரோப்பாவில் அதற்குக் கிராமுக்கு 0, அமெரிக்காவில் 0.2. ஐரோப்பியச் சட்டம் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாட்டைத் தந்துவிட்டது. அமெரிக்கச் சட்டமோ பல கணக்கு முறைகளைக் காட்டி, விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கலோரி எண் தேவைப்படுகிறவர் கல்யாண விருந்தில்கூட இவ்வளவு உபசாரம் பார்த்திருக்க மாட்டார்.

பாதாமில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வாய்ப்பாட்டின்படி 28 கிராம் பாதாமில் ஏறக்குறைய 170 கலோரி. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் ஆட்களுக்குப் பாதாம் கொடுத்து, வெளியேறியதையும் அளந்து, உடம்பில் சேர்ந்தது 129 கலோரிதான் என்று 2012-இல் வெளியிட்டார்கள். எவ்வளவு மென்றாலும் பாதாமின் செல்களுக்குள் கொஞ்சம் கொழுப்பு சிக்கிக்கொண்டு அப்படியே வெளியேறிவிடுகிறது. ஐரோப்பிய வாய்ப்பாட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே கொழுப்பு என்றால் கிராமுக்கு 9, மென்றாலும் மெல்லாவிட்டாலும்.

ஆஸ்திரேலியாவில் கலோரி என்ற பேச்சே குறைவு, எல்லாம் கிலோஜூல். ஒரு கலோரிக்கு 4.184 கிலோஜூல். 100 கிராம் பால் சாக்லேட்டின் பின்னால் 2200 என்பது போன்ற எண்ணைப் பார்த்து, ஒருநாள் சாப்பாடு முடிந்தது என்று பயந்து வைத்துவிடுகிற வெளிநாட்டுக்காரர் அறியாமையாலேயே இளைப்பார். அங்குள்ள லேபிள்கள் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் சராசரி 8700 கிலோஜூல். ஐரோப்பாவில் 8400, அதாவது 2000 கலோரி. சிட்னியில் குடியிருப்பவருக்குத் தினமும் 80 கலோரிக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு சிறு வாழைப்பழம் அளவுக்கு, உபரி உண்டு. அந்த 2000-மும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அமெரிக்க அதிகாரிகள் முதலில் 2350 என்றுதான் யோசித்தார்கள். மக்கள் அதையே இலக்காக எடுத்துக்கொண்டு இன்னும் தின்பார்கள் என்ற ஆட்சேபம் எழுந்ததும், நினைவில் நிற்கும் எண்ணாக 2000-க்கு இறக்கினார்கள். இந்திய லேபிளிலும் இன்று அதே 2000.

மெக்சிகோ பக்கம் மட்டும் டயட்காரர்கள் தலைவைத்துப் படுக்காமல் இருப்பது நல்லது. 2020 முதல் அங்கே 100 கிராமுக்கு 275 கலோரியைத் தொடும் பொட்டலத்தின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை விழுகிறது. சராசரி பிஸ்கட் 450-ஐத் தாண்டும் என்பதால் பிஸ்கட் வகைகளில் தப்புவது கடினம். சான் டியாகோ கடையில் பளபளவென்று நின்ற அதே பொட்டலம், டிஹுவானாவில் போலீஸ் முத்திரை குத்தியதுபோல் நிற்கும். முத்திரை விழுந்த பண்டத்தில் குழந்தைகளைக் கவரும் பொம்மைப் படமும் கூடாது. அதனால் கெல்லாக்ஸ் சீரியல் அட்டையிலிருந்து டோனி புலி காணாமல் போனது.

ஓட்டலில் சாப்பிடுகிறவருக்குச் சட்டம் ஆள் பார்த்துத்தான் பேசும். அமெரிக்காவில் 20 கிளைகள் இருந்தால் மெனுவில் கலோரி போட வேண்டும். இந்தியாவில் 10 கிளைகள். இங்கிலாந்தில் 2022 முதல் 250 ஊழியர்கள். எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்தில் இப்படிக் கட்டாயமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கல்யாணச் சட்டத்துக்குப் பயந்த காதலர்கள் ஓடிப்போய்த் தாலி முடிந்த கிரெட்னா கிரீன், எல்லையைத் தாண்டியதும் வரும் கிராமம். கலோரி எண் பார்க்க மனமில்லாத பீட்சா பிரியர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

மதுவுக்கு மட்டும் அனேகமாக எல்லா நாட்டிலும் தூதரக அந்தஸ்து. ஐரோப்பாவில் 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்துக்குக் கலோரி விவரத்திலிருந்து விலக்கு. திராட்சை மதுவுக்கு மட்டும் 2023 டிசம்பரில் அந்தச் சலுகை போனது. இந்தியாவிலும் புட்டியில் அந்த எண் கட்டாயமில்லை. கணக்குப் போட விரும்புகிறவர் போட்டுக்கொள்ளலாம்: ஆல்கஹாலுக்குக் கிராமுக்கு 7 கலோரி. 42.8 சதவீத விஸ்கி 60 மில்லி ஊற்றினால் சுமார் 140. சோடாவுக்கு ஒன்றுமில்லை, தொட்டுக்கொள்ள வரும் நிலக்கடலைக்கு உண்டு.

இவ்வளவுக்கும் மேல், அமெரிக்காவில் லேபிள் எண்ணைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் சட்டம் கண்டுகொள்ளாது. 300 என்று எழுதிய உணவுக்குள் 360 வரை ஒளிந்திருக்கலாம்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் பெட்டி நிறையக் கொண்டுவரும் சாக்லேட்டும் சீரியலும் தமிழ்நாட்டு வீட்டு மேசையில் ஒன்றாகக் கிடக்கும்போது, முன்பக்கப் பெரிய எண்ணை விட்டுவிட்டு, 100 கிராமுக்கு என்று தலைப்பிட்ட பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள். அந்தப் பத்தி இல்லையென்றால் பரிமாறும் அளவின் எடையால் கலோரியை வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். கிலோஜூல் மட்டும் இருந்தால் நாலால் வகுத்தால் போதும். விடை உண்மையைவிடச் சற்றே கூடுதலாக வரும், உடம்புக்கு நல்லது.

(தொடரும்)