எஞ்சின் எங்கே இருக்கு?

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலைப் பார்த்திருக்கிறீர்களா? 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குன்னூருக்கு மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் இருந்து தள்ளும்!

ஆங்கில வாக்கியங்களும் ரயில் மாதிரிதான். எப்படி என்று பார்ப்போமா?

சிம்பிள் சென்டென்ஸ்: 'தி டிரெயின் ஸ்டாப்டு.' ரயில் நின்றது. இது தனி எஞ்சின். யார் துணையும் இல்லாமல் தானே ஓடும்.

காம்பவுண்ட் சென்டென்ஸ்: 'தி டிரெயின் ஸ்டாப்டு, அண்டு வீ காட் டவுன்.' ரயில் நின்றது, நாங்கள் இறங்கினோம். இரண்டு எஞ்சின்கள், நடுவில் 'அண்டு' என்ற கொக்கி. 'பட்', 'ஆர்', 'ஸோ' ஆகியவையும் கொக்கிகளே. கொக்கியைக் கழற்றினால் இரண்டும் தனித்தனியே ஓடும்.

காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ்: 'தி டிரெயின் ஸ்டாப்டு பிகாஸ் இட் ரெய்ன்டு.' மழை பெய்ததால் ரயில் நின்றது. 'பிகாஸ் இட் ரெய்ன்டு' என்பது வெறும் பெட்டி. 'மழை பெய்ததால்' என்று மட்டும் சொன்னால், 'சரி, அப்புறம்?' என்று கேட்கத் தோன்றும் இல்லையா? பரீட்சையில் 'பிகாஸ் இட் ரெய்ன்டு' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் மார்க் குறைவது இதனால்தான். 'வென்', 'இஃப்', 'ஆல்தோ' என்று தொடங்கும் பகுதிகளும் பெட்டிகளே.

நாம் தமிழில் எழுதும்போது பெரும்பாலும் பெட்டி முன்னால் வரும். எஞ்சின் கடைசியில் வரும். மலை ஏறும் ரயில் போலவே! ஆங்கிலத்தில் எஞ்சின் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். பெட்டி முன்னால் வந்தால் நடுவில் ஒரு கமா போட வேண்டும்: 'வென் இட் ரெய்ன்டு, தி டிரெயின் ஸ்டாப்டு.'

இனி பாடத்தில் நீளமான வாக்கியத்தைக் கண்டால் பயப்படாதீர்கள். முதலில் எஞ்சினைத் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் பாதி அர்த்தம் புரிந்துவிடும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 'இஃப் யூ கோ டு ஊட்டி, யூ வில் ஸீ டீ எஸ்டேட்ஸ்.' இதில் எஞ்சின் எது?

விடை: யூ வில் ஸீ டீ எஸ்டேட்ஸ்.