யாருக்கும் சேராத வட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சொத்து கைமாறியது. 90,521 டாலர் இரண்டே நாள் ஓர் இடைக்கணக்கில் தங்கிவிட்டுப் போனது. ஆண்டுக்கு 1 சதவீதம் என்று போட்டால் அந்த இரண்டு நாள் வட்டி 4 டாலர் 96 சென்ட். அது தனக்குச் சேர வேண்டும் என்று பணத்துக்காரர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வட்டியை வாங்கிக்கொண்ட எதிர்த்தரப்பு, ஏழைகளின் சட்ட உதவிக்குப் பணம் தரும் ஓர் அறக்கட்டளை.

இப்படி ஓர் அறக்கட்டளை எதற்கு? அமெரிக்காவில் திருட்டு வழக்கில் சிறைக்குப் போகும் நிலை வந்தால், கையில் காசில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும். 1963-இல் உச்ச நீதிமன்றம் தந்த கிடியன் தீர்ப்பு அப்படி. ஆனால் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னால்? அது சிவில் வழக்கு. பெரும்பாலான ஊர்களில் அவரவர் பாடு. வீட்டுக்காரர் வக்கீலோடு வருவார். குடித்தனக்காரர் கையில் ஒரு நோட்டீஸோடு தனியாக நிற்பார், பல பேர் பயந்துபோய் வருவதே இல்லை. இலவச வக்கீல் ஒருவர் கிடைத்தால் முதலில் அந்த நோட்டீஸைத்தான் கையில் வாங்குவார். தேதி சரியா, சட்டம் சொன்ன அவகாசம் கொடுத்தார்களா, ஒழுகும் கூரையைப் பற்றி எப்போதாவது புகார் சொன்னீர்களா என்று கேட்பார். பாக்கியைத் தவணையில் கட்ட வழி பிறப்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கேள்விகளில்தான்.

அந்த வக்கீலுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? 1974-இல் ஏற்பட்ட சட்டப்பணிக் கழகம் மத்திய அரசின் பணத்தைச் சுமார் 130 லாப நோக்கற்ற அமைப்புகளுக்குப் பிரித்துத் தருகிறது. நான் வியப்பது இன்னொரு வழியை.

கட்சிக்காரர் பணத்தை வக்கீல் தன் பணத்தோடு கலக்கக் கூடாது. சிறு தொகைக்குத் தனிக் கணக்கு தொடங்கினால் வட்டியை வங்கிச் செலவே தின்றுவிடும். அதனால் எல்லாரது பணமும் ஒரே நடப்புக் கணக்கில் கிடக்கும். அந்தக் கணக்குக்கு வட்டி கொடுக்க அன்றைய சட்டம் இடம் தரவில்லை, ஆதாயம் வங்கிக்குப் போயிற்று. 1980-இல் சட்டம் தளர்ந்து, வட்டி தரும் நடப்புக் கணக்கு வந்தது. வியாபார நிறுவனங்களுக்கு அது அப்போது கிடைக்கவில்லை, லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கிடைத்தது. இங்கேதான் சூட்சுமம். வட்டி போய்ச் சேரும் இடம் ஓர் அறக்கட்டளை என்றால் வக்கீலின் பொதுக் கணக்கும் வட்டி ஈட்டலாம்! கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏற்கெனவே நடந்துவந்த இந்த ஏற்பாட்டை 1981-இல் ஃப்ளோரிடா அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. இன்று 50 மாநிலங்களிலும் இருக்கிறது. நம் வீடுகளில் உலை வைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைப்பார்களே, அந்தக் கணக்குத்தான். பெரிய தொகையோ நெடுநாள் இருப்போ என்றால் தனிக் கணக்கு, வட்டி கட்சிக்காரருக்கே.

வட்டி பணத்துக்காரரின் சொத்துதான் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறக்கட்டளைகள் கலங்கின. 2003-இல் அந்த 4 டாலர் வழக்கின் தீர்ப்பு வந்தது. பொதுநலனுக்காகச் சொத்தை எடுத்தால் இழப்பீடு தர வேண்டும், ஆனால் திட்டம் இல்லாவிட்டாலும் பணத்துக்காரருக்கு நிகர வட்டி கிடைத்திருக்காது. ஆகவே இழப்பு பூஜ்யம், இழப்பீடும் பூஜ்யம். நீதிபதிகளில் 5 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் திட்டம் தப்பியது.

ஆனால் இது சித்திரையில் வற்றும் கிணறு. 2008 டிசம்பரில் பொருளாதாரச் சரிவைத் தாங்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டி இறக்கியது. வேலையும் வீடும் போய் ஜனங்கள் சட்ட உதவி கேட்டு வந்த அதே நேரத்தில் அறக்கட்டளைகளின் வருமானம் சரிந்தது. வட்டி விகிதத்தை நம்பி ஏழைக்கு வக்கீல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டப்பணிக் கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்த வருமானக்காரர்களின் கணிசமான சிவில் பிரச்சினைகளில் 100-க்கு 92-க்குச் சட்ட உதவி கிடைக்கவே இல்லை, அல்லது போதவில்லை.